கூலி (வசைச்சொல்)

தமிழில் வேலைக்கு ஈடாகத் தரும் ஊதியம். திருக்குறளிலும் (குறள் 619) இப்பொருளிலேயே வருகிறது. ஐரோப்பியர் வாயில் இச்சொல் ஊதியத்தை விட்டு ஆளைக் குறிக்கலாயிற்று. 19ஆம் நூற்றாண்டில் சீனத் தொழிலாளரை இழிக்கும் சொல்லாக இறுகியது.

குஜராத்துக் கோலி இனத்தாரின் பெயரே மூலம் என்பாரும் உளர். ஹாப்சன்-ஜாப்சன் அகராதி (1886) அப்பக்கம் சாய்கிறது. இவ்விரு சொற்களும் போர்த்துக்கீசியர் பேச்சில் கலந்திருக்கவும் கூடும். சீனர் ‘கூலி’யின் ஒலியை எழுதத் தேர்ந்த இரண்டு எழுத்துகளுக்கும் தனித்தனியே ‘கசப்பு’, ‘வலிமை’ என்று பொருள். ஒலியும் பொருளும் இத்தனை பொருந்திய எழுத்துப்பெயர்ப்பு அரிது.

சீனாவின் அமோய் துறைமுகத்தில் 1852இல் வெளிநாட்டு வேலைக்குக் கப்பலேற்றவிருந்த ஆட்களின் சட்டையைக் கழற்றி மார்பில் எழுத்து தீட்டினர்: கலிபோர்னியாவுக்கு ‘சி’, பெருவுக்கு ‘பி’, சாண்ட்விச் தீவுகளுக்கு ‘எஸ்’. இந்த ஆள் வணிகத்தை உள்ளூர்ச் சீனர் ‘பன்றிக்குட்டி விற்பது’ என்றனர்.

கியூபாவைப் பற்றிய சான்றுகள் மிகுதி. 1847 முதல் 1874 வரை அங்கு ஏறத்தாழ 1,25,000 சீனர் இறக்கப்பட்டனர். பெரும்பாலோர் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்றனர். ஒப்பந்தம் 8 ஆண்டு, சம்பளம் மாதம் 4 பெசோ. தவணை முடிந்தவரை மீண்டும் ஒப்பந்தத்தில் கட்டிப்போட்டனர். 1874இல் சென் லான்பின் தலைமையில் வந்த சீன அரசுக் குழு 1,176 வாக்குமூலங்களையும், 1,665 பேர் ஒப்பமிட்ட 85 மனுக்களையும் திரட்டியது. பத்தில் எட்டுப் பேர் கடத்தப்பட்டோ ஏமாற்றப்பட்டோ வந்ததாகக் கூறினர். மனுக்களில் சில செய்யுளில் எழுதப்பட்டவை. தோட்டத்தில் வெட்டரிவாள் பிடித்த கைகளுள் யாப்பறிந்தவையும் இருந்தன.

பெருவின் குவானோ (பறவை எச்ச உரம்) தீவுகளுக்கும் இவ்வாறே ஆட்கள் போயினர்.

கலிபோர்னியாவுக்கு வந்தோரில் பெரும்பாலோர் பயணக்கடன் பெற்றுத் தாமாக வந்தவர்கள் என்பது பல ஆய்வாளர் கருத்து. அக்கடன் அவர்களை எவ்வளவு கட்டிவைத்தது என்பதில் ஒருமித்த முடிவில்லை. சட்டம் இந்த வேறுபாட்டைப் பார்க்கவில்லை. சீனர்மீது மாதம் 2.50 டாலர் வரி விதித்த 1862ஆம் ஆண்டுச் சட்டம் ‘கூலி எதிர்ப்புச் சட்டம்’ என்றே வழங்கியது. குறைந்த சம்பளத்துக்கு உழைத்து வெள்ளையர் பிழைப்பைக் கெடுப்பவன் என்ற பொருள் இச்சொல்லில் ஒட்டிக்கொண்டது. ஆனால் 1867 ஜூனில், சியெரா நெவாடா மலையில் ரயில்பாதை போட்ட சீனர், ‘கூலிகள்’ எனப்பட்ட அவர்களே, கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். உணவு வருவதை நிறுத்தி நிர்வாகம் அதை முறித்தது. சீனத் தொழிலாளர் வருகையை அமெரிக்கா 1882இல் தடைசெய்தது. தடை நீங்கியது 1943இல்.

தென்னாப்பிரிக்காவிலும் கரீபியத் தீவுகளிலும் இவ்வசை இந்தியர்மீது விழுந்தது. காந்தியும் ‘கூலி பாரிஸ்டர்’ எனப்பட்டார். மொரீஷியஸ் கவிஞர் கால் தொராபுல்லி இச்சொல்லிலிருந்து ‘கூலிட்டியூட்’ என்ற கருத்தாக்கத்தை உருவாக்கினார். இந்திய ரயில்வே 2016இல் சுமைதூக்குவோருக்குக் ‘கூலி’ என்பதற்கு மாற்றாகச் ‘சகாயக்’ (உதவியாளர்) என்ற பெயரை அறிவித்தது.