நீரிழிவு நோயும் முன்னாள் படைவீரரின் இயலாமை ஓய்வூதியமும்: மறுக்கப்பட்டால் மேல்முறையீடு செய்வது எவ்வாறு?

இந்திய முப்படைகளில் பணியாற்றும் காலத்தில் நீரிழிவு நோய் கண்டறியப்பட்ட வீரர்கள் பலருக்கு, ஓய்வு பெறும் வேளையில் இயலாமை ஓய்வூதியம் மறுக்கப்படுகிறது. "இந்நோய் படைப் பணியால் ஏற்பட்டதன்று, பணியால் தீவிரமடைந்ததுமன்று" என்னும் மருத்துவ வாரியத்தின் கருத்தே பெரும்பாலும் அதற்குக் காரணமாகக் காட்டப்படுகிறது. அக்கருத்து இறுதி முடிவன்று. அதனை எதிர்த்து மேல்முறையீடு செய்யும் உரிமை உங்களுக்கு உண்டு. அம்முறையீட்டில் எவை கருதப்படுகின்றன, நீங்களும் உங்கள் குடும்பத்தினரும் எவற்றை ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும் என்பதை இப்பக்கம் விளக்குகிறது.

இயலாமை ஓய்வூதியம் என்றால் என்ன?

இயலாமை ஓய்வூதியம் பணிக்கூறு, இயலாமைக் கூறு என்னும் இரு பகுதிகளைக் கொண்டது. பணிக்காலத்தை முழுமையாக முடித்து ஓய்வு பெற்றவர் பணி ஓய்வூதியத்தை ஏற்கெனவே பெறுவதால், அவர் கோருவது இயலாமைக் கூறு மட்டுமே. அதற்கு இரண்டு நிபந்தனைகள் நிறைவேற வேண்டும்.

• நோய் படைப் பணியால் ஏற்பட்டதாகவோ, பணியால் தீவிரமடைந்ததாகவோ இருத்தல் வேண்டும்.
• இயலாமையின் அளவு 20 விழுக்காடு அல்லது அதற்கு மேல் மதிப்பிடப்பட்டிருத்தல் வேண்டும்.

100 விழுக்காடு இயலாமைக்கு, இறுதியாகப் பெற்ற ஊதியத்தில் 30 விழுக்காடு இயலாமைக் கூறாகக் கணக்கிடப்படும். மேலும், 50 விழுக்காட்டுக்குக் குறைவான இயலாமையை 50 ஆகவும், 50 முதல் 75 வரை உள்ளதை 75 ஆகவும், அதற்கு மேற்பட்டதை 100 ஆகவும் உயர்த்திக் கணக்கிடும் முறை உண்டு. பணிக்காலத்தை முடித்து ஓய்வு பெற்றவர்களுக்கும் இம்முறை பொருந்தும் என்பதை 2014 டிசம்பர் மாதம் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஆகவே, 20 விழுக்காடு எனப் பதிவான நீரிழிவு ஏற்கப்பட்டால், அது 50 விழுக்காடாகக் கொள்ளப்பட்டு, இறுதி ஊதியத்தில் 15 விழுக்காடு மாதந்தோறும் கிடைக்கும்.

2023 செப்டம்பர் 21-ஆம் நாள் முதல் புதிய உரிமை விதிகள் நடைமுறைக்கு வந்துள்ளன. அதன்பின் ஓய்வு பெற்றவர்கள் தமக்குரிய விதிகளையும் தொகையையும் தனியே கேட்டறிய வேண்டும்.

நீரிழிவுக்கு ஏன் மறுக்கப்படுகிறது?

இரண்டாம் வகை நீரிழிவு வாழ்க்கைமுறை சார்ந்த நோயாகக் கருதப்படுகிறது. படை மருத்துவ அலுவலர்களுக்கான 2008-ஆம் ஆண்டு வழிகாட்டி நூலின்படி, களப்பகுதி, கிளர்ச்சி எதிர்ப்பு நடவடிக்கைப் பகுதி, மிக உயரமான மலைப்பகுதி, நீண்ட காலக் கப்பல் பணி ஆகியவற்றின்போது இந்நோய் தொடங்கினால் அது பணியால் தீவிரமடைந்ததாக ஏற்கப்படும். அமைதிப் பகுதியில் பணியாற்றியபோது கண்டறியப்பட்டது என்பதைக் காட்டியே பல கோரிக்கைகள் மறுக்கப்படுகின்றன.

இங்கே ஒரு மருத்துவ உண்மையை நீங்கள் அறிந்திருப்பது நலம். நோய் கண்டறியப்பட்ட நாளும் நோய் தொடங்கிய நாளும் ஒன்றல்ல. இரண்டாம் வகை நீரிழிவு, அறிகுறி ஏதுமின்றிப் பல ஆண்டுகள் உடலில் இருக்கக்கூடும். மலைமுகாமில் பணியாற்றி அமைதிப் பகுதிக்குத் திரும்பிய வீரருக்கு, அடுத்து நடைபெறும் ஆண்டு மருத்துவப் பரிசோதனையில்தான் அது தெரியவரலாம். தொடர்ந்த மன அழுத்தம், உறக்கக் குறைவு, நேரம் தவறிய உணவு ஆகியன இரத்தச் சர்க்கரையை உயர்த்தக் கூடியவை. ஆகையால், கண்டறியப்பட்ட இடத்தை மட்டுமன்றி, அதற்கு முன் நீங்கள் பணியாற்றிய இடங்களையும் முறையீட்டில் வரிசையாகக் குறிப்பிட வேண்டும்.

நீதிமன்றங்கள் கூறியுள்ளவை

தரம்வீர் சிங் வழக்கில் 2013-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் வகுத்த கோட்பாடுகள் இவ்வகை முறையீடுகளுக்கு அடிப்படையாக விளங்குகின்றன.

• பணியில் சேர்ந்தபோது நோய் குறித்த பதிவு இல்லையெனில், வீரர் அப்போது முழு உடல்நலத்துடன் இருந்ததாகவே கொள்ள வேண்டும்.
• பின்னர் நோயின் காரணமாகப் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டால், உடல்நலக் குறைவு பணியின் விளைவு எனக் கொள்ளப்படும்.
• அவ்வாறன்று என மெய்ப்பிக்கும் பொறுப்பு நிர்வாகத்தைச் சார்ந்தது. ஐயத்தின் பயன் வீரருக்கே உரியது.
• சேர்க்கையின்போது நோயைக் கண்டறிந்திருக்க இயலாது என மருத்துவ வாரியம் கருதினால், அதற்கான காரணங்களை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும்.

நீரிழிவு தொடர்பான ஒரு வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம் 2025-ஆம் ஆண்டு, அமைதிப் பகுதியில் நோய் தொடங்கியது என்பது மட்டுமே மறுப்புக்குப் போதிய காரணமாகாது எனத் தீர்ப்பளித்தது.

எனினும், ஒவ்வொரு வழக்கும் அதன் ஆவணங்களைக் கொண்டே முடிவு செய்யப்படுகிறது. மிகை உடல் எடை, மருத்துவ அறிவுரையைப் பின்பற்றாமை போன்ற காரணங்களை வாரியம் தெளிவாகப் பதிவு செய்திருந்தால், அவற்றுக்கு நீங்கள் மறுமொழி அளித்தாக வேண்டும்.

தொடர்புடைய நோய்கள்

நீரிழிவுடன் உயர் இரத்த அழுத்தம், இதய நோய், விழித்திரைப் பாதிப்பு, சிறுநீரகப் பாதிப்பு, நரம்புத் தளர்ச்சி, கால் புண் ஆகியன சேர்ந்து வரலாம். இவை ஒவ்வொன்றும் மருத்துவ வாரிய ஆவணத்தில் தனித்தனியே இடம்பெற்று, தனியே விழுக்காடு குறிக்கப்பட்டுள்ளதா எனப் பாருங்கள். இதய நோயைப் பொறுத்தவரை, நோய் தாக்குவதற்கு முந்தைய 14 நாள்களில் வீரர் ஆற்றிய பணிகளின் விவரம் முதன்மையான சான்றாகக் கொள்ளப்படுகிறது. ஓய்வுக்குப் பின் பாதிப்பு கூடினால், மறுமதிப்பீட்டு மருத்துவ வாரியத்தைக் கோரி விண்ணப்பிக்கலாம்.

திரட்ட வேண்டிய ஆவணங்கள்

1. பணியில் சேர்ந்தபோது நடைபெற்ற மருத்துவப் பரிசோதனை அறிக்கை.
2. பணிவிடுவிப்பு மருத்துவ வாரியத்தின் முழு நடவடிக்கைக் குறிப்பு. காரணம் எழுதப்பட்டுள்ள பகுதியைக் குறிப்பாகப் படியுங்கள்.
3. நோய் முதன்முதலில் பதிவான நாள், இடம், மருத்துவமனை ஆகியவற்றைக் காட்டும் தாள்கள்.
4. பணியிட விவரம்: களப்பகுதி, உயர்மலை, கப்பல் பணி ஆகியவற்றின் காலவரிசை.
5. மறுப்புக் கடிதமும், அது உங்கள் கைக்குக் கிடைத்த நாளுக்கான சான்றும்.

இவற்றுள் எதுவும் உங்களிடம் இல்லையெனில், உங்கள் படைப்பிரிவின் ஆவண அலுவலகத்துக்கு எழுதிப் பெறலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் கீழும் கோரலாம்.

மேல்முறையீட்டின் படிகள்

முதல் மேல்முறையீடு: மறுப்புக் கடிதம் கிடைத்த நாளிலிருந்து பொதுவாக ஆறு மாதங்களுக்குள் ஆவண அலுவலகத்தின் வழியாக அனுப்ப வேண்டும். கடிதத்தில் குறிக்கப்பட்டுள்ள கால வரம்பே உங்களுக்குப் பொருந்தும்.

இரண்டாம் மேல்முறையீடு: முதல் மேல்முறையீடு நிராகரிக்கப்பட்டால், அதற்கு மேற்பட்ட குழுவிடம் முறையிடலாம்.

ஆயுதப் படைகள் தீர்ப்பாயம்: 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைக்கப்பட்ட இத்தீர்ப்பாயத்துக்குச் சென்னையிலும் ஓர் அமர்வு உண்டு. துறையின் இறுதி ஆணை கிடைத்த ஆறு மாதங்களுக்குள் மனு அளிக்க வேண்டும். தக்க காரணம் இருப்பின் காலத்தாழ்வைத் தீர்ப்பாயம் மன்னிக்கலாம். வழக்கறிஞர் வழியாகவோ, நீங்கள் நேரில் தோன்றியோ வாதிடலாம்.

காலம் தாழ்த்துவதால் இழப்பு நேரும். ஓய்வூதிய மறுப்பு தொடரும் பிழையாகக் கருதப்பட்டாலும், நெடுங்காலம் கழித்து வருபவர்களுக்கு, மனு அளித்த நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டு நிலுவை மட்டுமே பொதுவாக வழங்கப்படுகிறது.

சிகிச்சையும் பராமரிப்பும்

முறையீடு நிலுவையில் உள்ளது என்பதற்காக மருந்தையோ இன்சுலினையோ நிறுத்தாதீர்கள். நோய் கட்டுப்பாட்டில் இருந்தால் கோரிக்கை வலுவிழக்கும் என்னும் அச்சம் வேண்டா. நோய் எவ்வாறு தோன்றியது என்பதே முறையீட்டின் மையக் கேள்வி. கட்டுப்பாடற்ற சர்க்கரையால் இழக்கும் பார்வையையும் சிறுநீரகச் செயல்பாட்டையும் எந்த ஓய்வூதியமும் மீட்டுத் தராது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரைப் பரிசோதனையை மருத்துவர் கூறும் இடைவெளியில் செய்துகொள்ளுங்கள். விழித்திரை, சிறுநீர், பாதம் ஆகியவற்றுக்கு ஆண்டுதோறும் பரிசோதனை தேவை.

பராமரிப்பாளர்கள் எல்லாப் பரிசோதனை முடிவுகளையும் நாள்வாரியாக ஒரே கோப்பில் சேர்த்து வைப்பது நன்று. சிகிச்சைக்கும் மறுமதிப்பீட்டுக்கும் அக்கோப்பு பயன்படும். முன்னாள் படைவீரர் பங்களிப்பு நலத் திட்டத்தில் உறுப்பினராக இருப்பவர்கள் அதன் மருத்துவமனைகளில் தொடர் சிகிச்சை பெறலாம்.

விண்ணப்பம் எழுதவும் உரிய அலுவலகத்தை அணுகவும் உதவி தேவைப்பட்டால், உங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை நாடுங்கள்.

இப்பக்கத்தில் உள்ளவை பொதுத் தகவலுக்காக மட்டுமே. உங்கள் உடல்நிலை குறித்து மருத்துவரிடமும், வழக்கு குறித்துச் சட்ட வல்லுநரிடமும் ஆலோசனை பெறுங்கள்.