ஆங்கில உச்சரிப்புப் பயிற்சி: ஒரு சமூக வரலாற்று நோக்கு

ஆங்கிலத்தைத் திருத்தமாகப் பேசப் பழகுதல் என்றவுடன் மூன்று விடயங்கள் வற்புறுத்தப்படுவதுண்டு. உயிரொலிகளை உரியவாறு ஒலித்தல், சொல்லில் உரிய அசைக்கு அழுத்தம் கொடுத்தல், வாக்கியத்தின் தொனியை ஏற்றியும் இறக்கியும் பேசுதல் என்பனவே அவை. பயிற்சி நூல்களும் ஒலிநாடாக்களும் இம்மூன்றையும் இயற்கை நியதிகள் போலவே முன்வைத்து வந்துள்ளன. ஆயின், யாருடைய ஒலி திருத்தமானது, அது எக்காலத்தில் திருத்தமானதாயிற்று, அதனைத் தீர்மானித்தோர் யாவர் என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. இவ்வினாக்களுக்கு விடை காண முற்படும்போது ஒலிகளின் வரலாறு மட்டுமன்றி வர்க்கங்களின் வரலாறும் புலப்படத் தொடங்குகின்றது. அவ்வரலாற்றைச் சுருக்கமாக நோக்கி, ஆங்கிலம் பேச அஞ்சி வாய்மூடியிருக்கும் நம் மாணவருக்கு அதனாற் கிடைக்கும் தெளிவு யாதெனக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. எழுத்து நிலைத்தது, ஒலி நகர்ந்தது

ஆங்கில உயிரொலிகளைக் கற்போர் முதலில் எதிர்கொள்ளும் இடர்ப்பாடு எழுத்துக்கும் ஒலிக்குமிடையிலான முரண்பாடாகும். இம்முரண்பாட்டுக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. ஏறத்தாழ 1400 முதல் 1700 வரையுள்ள காலப்பகுதியில் ஆங்கிலத்தின் நெட்டுயிர்கள் யாவும் ஒன்றன்பின் ஒன்றாக இடம்பெயர்ந்தன. பெயரைக் குறிக்கும் 'நேம்' என்ற சொல் முன்னர் 'நாம' என்பதற்கு அணித்தாக ஒலித்தது. வீட்டைக் குறிக்கும் 'ஹவுஸ்' என்பது 'ஹூஸ்' என்றும், ஐந்தைக் குறிக்கும் 'ஃபைவ்' என்பது 'ஃபீவ்' என்றும் ஒலித்தன. டென்மார்க்கைச் சேர்ந்த மொழியியலறிஞர் ஓட்டோ ஜெஸ்பர்சன் 1909 இல் வெளியிட்ட தமது ஆங்கில இலக்கண நூலில் இதனைப் 'பெரும் உயிர்ப் பெயர்ச்சி' எனக் குறித்தார். இப்பெயர்ச்சி நிகழ்ந்துகொண்டிருந்தபோதே, 1476 இல், வில்லியம் கக்ஸ்ரன் வெஸ்ட்மின்ஸ்ரரில் அச்சகம் நிறுவினார். அச்சுத்தொழில் பரவப் பரவ எழுத்துக்கூட்டல் மெல்ல இறுகியது. ஒலியோ தன்போக்கில் நகர்ந்தது. இதன் விளைவாக, உயிரைக் குறிக்கச் சிறப்பாக ஐந்தே எழுத்துக்களைக் கொண்ட மொழியில், பிற்கால ஒலியியலாளர் கணக்கிட்டவாறு 12 தனியுயிர்களும் 8 ஈருயிர்களுமாக 20 உயிரொலிகள் இடம்பெறலாயின.

தமிழில் எழுத்தும் ஒலியும் இவ்வளவு தூரம் விலகிச் செல்லவில்லை. குறில் நெடில் வேறுபாடு வரிவடிவிலேயே புலப்படும். ஆகவே எழுத்தைக் கண்டு ஒலிப்பதற்குப் பழகிய தமிழ் மாணவன் ஆங்கிலத்தையும் எழுத்தைக் கொண்டே ஒலிக்க முற்படுவது இயல்பானது. அதனை அறிவுக்குறையாகக் கொள்வது தவறு. தன் மொழியின் நியாயத்தை மற்றொரு மொழிக்கும் ஏற்றிப் பார்க்கும் முயற்சியே அது.

2. உச்சரிப்பு விலைப்பொருளாதல்

உச்சரிப்பைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் இங்கிலாந்தில் வலுப்பெற்றது பதினெட்டாம் நூற்றாண்டிலாகும். 1707 இல் இங்கிலாந்தும் ஸ்கொத்லாந்தும் ஒரே பாராளுமன்றத்தின்கீழ் இணைக்கப்பட்டன. அரசியலும் வாணிகமும் பதவிகளும் இலண்டனை மையமாகக் கொண்டன. வணிகத்தாற் பொருளீட்டி மேனிலையடைந்த நடுத்தர வர்க்கத்தினருக்கு நிலவுடைமையாளரின் குலப்பெருமை இருக்கவில்லை. அவர்தம் பேச்சை வரித்துக்கொள்ளுதல் மட்டும் சாத்தியமாயிருந்தது. இச்சூழலிலேதான் உச்சரிப்பு கற்பிக்கப்படும் பொருளாகவும், அதன் வழியே விற்கப்படும் பொருளாகவும் மாறியது.

இம்முயற்சியில் முன்னின்ற தோமஸ் ஷெரிடன் அயர்லாந்தைச் சேர்ந்த நடிகர் என்பது மனங்கொள்ளத்தக்கது. அவர் 1761 இல் எடின்பரோவில் ஸ்கொத்லாந்துக் கனவான்களுக்கு ஆங்கிலப் பேச்சுக்கலை பற்றி விரிவுரைகள் நிகழ்த்தினார். அவ்விரிவுரைகள் 1762 இல் நூலுருப்பெற்றன. 1780 இல் உச்சரிப்பைக் குறிக்கும் அகராதியொன்றையும் வெளியிட்டார். அவ்வழியில் மேலும் முன்சென்றவர் இலண்டன் நடிகராயிருந்த ஜோன் வோக்கர். 1791 இல் வெளிவந்த அவரது உச்சரிப்பு அகராதியில் உயிரெழுத்துக்களின் மேல் இலக்கங்கள் இடப்பட்டு ஒலிவேறுபாடுகள் காட்டப்பட்டன. ஸ்கொத்லாந்தினர், அயர்லாந்தினர், இலண்டன் நகரின் சாதாரண மக்கள் ஆகியோர் தத்தம் 'வழுக்களை' நீக்கிக்கொள்வதற்கான விதிகளும் தனித்தனியே தரப்பட்டன. அடுத்த நூற்றாண்டு முழுவதும் இவ்வகராதி மீண்டும் மீண்டும் பதிப்பிக்கப்பட்டது.

தொனியும் இக்காலத்திலேயே ஆய்வுப்பொருளாயிற்று. ஜோசுவா ஸ்டீல் என்பார் 1775 இல் வெளியிட்ட நூலில், இசைக்குறியீட்டுக் கோடுகளைத் தழுவிப் பேச்சின் ஏற்ற இறக்கங்களை வரைந்து காட்டினார். பேச்சுக்கும் அளவும் பண்ணும் உண்டெனக் காட்டிய வகையில் அது முன்னோடி முயற்சியாகும்.

இவ்விடத்தில் ஒன்றைக் குறிப்பிடுதல் தகும். சொல்லின் இடையிலும் இறுதியிலும் உயிரைத் தொடர்ந்து வரும் ரகர ஒலி இலண்டனிற் பெரிதும் நலிந்துவிட்டதை வோக்கர் பதிவுசெய்துள்ளார். ஒரு நகரத்தின் பேச்சுவழக்காகக் குறிக்கப்பட்ட அந்த நலிவே, நூறாண்டு கழித்து இங்கிலாந்தின் உயர்ந்தோர் உச்சரிப்பின் அடையாளமாயிற்று. அதே ரகரத்தை முழுமையாக ஒலிப்போர் நாட்டுப்புறத்தாராக எண்ணப்பட்டனர். ஐக்கிய அமெரிக்காவின் பெரும்பகுதியிலோ இன்று ரகரத்தை ஒலிப்பதே முறையான உச்சரிப்பாகும். ஆகவே ஒலியில் இயல்பான உயர்வோ தாழ்வோ இல்லை. அதனை ஒலிப்போரின் சமூகநிலையே அதற்கு மதிப்பளிக்கின்றது.

3. பாடசாலையும் ஒலியியலும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இம்மதிப்பீடு நிறுவனமயப்பட்டது. 1869 முதல் ஆங்கில உச்சரிப்பின் வரலாற்றை விரிவாக எழுதிய அலெக்சாந்தர் எலிஸ், கற்றோரிடையே நாடெங்கும் வழங்கிய உச்சரிப்பை 'ஏற்கப்பட்ட உச்சரிப்பு' எனக் குறித்தார். அதனைப் பரப்பியவற்றுள் 'பப்ளிக் ஸ்கூல்' எனப் பெயர் கொண்டிருப்பினும் செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கே உரியனவாயிருந்த விடுதிப் பாடசாலைகள் முதன்மையானவை. நாட்டின் பல பாகங்களிலிருந்தும் இளமையிலேயே வந்து சேர்ந்த சிறுவர் தத்தம் ஊர்ப்பேச்சை அங்கே கைவிட்டனர். படையிலும் திருச்சபையிலும் குடியேற்றநாட்டு நிர்வாகத்திலும் பதவி பெற்ற அவர்களோடு அவ்வுச்சரிப்பும் பேரரசெங்கும் பரவியது.

இதே காலத்தில் ஒலியியல் தனியொரு விஞ்ஞானமாக வளர்ந்தது. இங்கிலாந்தில் ஹென்றி சுவீற் அதற்கு அடித்தளமிட்டார். 1886 இல் பாரிஸ் நகரில் போல் பசி முதலிய மொழியாசிரியர்கள் தொடங்கிய சங்கமே பின்னர் அனைத்துலக ஒலியியற் சங்கமாயிற்று. எம்மொழியின் ஒலியையும் குறிக்கத்தக்க பொதுக் குறியீடுகள் அதன் வழியே உருவாயின. பசியிடம் பயின்ற டானியல் ஜோன்ஸ் 1907 முதல் இலண்டன் யூனிவர்சிற்றிக் கல்லூரியிற் கற்பித்தார். 1917 இல் வெளிவந்த அவரது ஆங்கில உச்சரிப்பு அகராதி, தென் இங்கிலாந்தின் பப்ளிக் ஸ்கூல் கல்வி பெற்ற குடும்பங்களின் பேச்சையே அடிப்படையாகக் கொண்டது. முதற்பதிப்பில் அதனைப் 'பப்ளிக் ஸ்கூல் உச்சரிப்பு' என்றே வெளிப்படையாக அழைத்தார். 1926 ஆம் ஆண்டுப் பதிப்பில் எலிஸின் தொடரைத் தழுவி 'ஏற்கப்பட்ட உச்சரிப்பு' எனப் பெயர் மாற்றினார். முதற்பெயர் அவ்வுச்சரிப்புக்கு உரியோர் யாவர் என்பதைக் கூறியது. இரண்டாம் பெயர் அதனை மறைத்துவிட்டது.

ஆயினும் ஜோன்ஸ் மீது பழிசுமத்துதல் நியாயமாகாது. வழக்கை உள்ளவாறு விவரிப்பதே தம் பணி, பிறர்மீது ஒன்றைத் திணிப்பதன்று என்னும் நிலைப்பாட்டினர் அவர். எச்.எஸ். பெரேராவுடன் இணைந்து 1919 இல் பேச்சுச் சிங்களத்துக்கு ஒலியியற் குறியீட்டில் வாசிப்பு நூல் வெளியிட்டவரும் அவரே. விவரிப்பாக எழுதப்பட்ட அகராதி, வகுப்பறையில் விதிநூலாக மாறியதே பின்னர் நேர்ந்தது.

பேர்னாட் ஷோவின் 'பிக்மேலியன்' நாடகம் (1913) இச்சிக்கலைக் கூர்மையாகக் கையாள்கின்றது. பூ விற்கும் பெண்ணொருத்தி ஒலியியற் பேராசிரியரிடம் உயிரொலிகளைப் பயின்று மேட்டுக்குடியினர் நடுவே பேசுகின்றாள். ஒலிகள் பழுதற்றனவாயினும் அவள் பேசும் பொருள் அவளது வாழ்க்கையைக் காட்டிவிடுகின்றது. பயிற்சி வெற்றிபெற்ற பின்னரோ, பழைய வாழ்வுக்குத் திரும்பவும் புதிய வாழ்விற் காலூன்றவும் இயலாத நிலை அவளுக்கு ஏற்படுகின்றது. வர்க்கத்தின் அடையாளத்தைக் கற்பிக்கலாம்; வர்க்கத்தின் உடைமைகளை அவ்வாறு வழங்கிவிட முடியாது என்பதை ஷோ உணர்த்தினார். அவரே பின்னர் பி.பி.சி. நிறுவனம் 1926 இல் அமைத்த பேச்சு ஆங்கில ஆலோசனைக் குழுவுக்குத் தலைமை தாங்கியமை வரலாற்றின் விசித்திரங்களுள் ஒன்று. 1941 இல் யோக்ஷயர்ப் பேச்சுச் சாயலுடைய வில்பிரட் பிக்கில்ஸ் பி.பி.சி. செய்தி வாசித்தபோது எழுந்த எதிர்ப்பு, வானொலிச் செய்தியின் நம்பகத்தன்மை எவ்வளவு தூரம் ஒரே உச்சரிப்போடு பிணைக்கப்பட்டிருந்தது என்பதைக் காட்டும். அவ்வுச்சரிப்பை முழுமையாக உடையோர் இங்கிலாந்தின் மக்களுள் ஏறத்தாழ 3 வீதத்தினரே என 1970களிற் சமூக மொழியியலறிஞர் பீற்றர் ட்ரட்கில் மதிப்பிட்டார்.

4. அழுத்தமும் தொனியும்: கருத்தும் கௌரவமும்

மேற்கூறியவற்றிலிருந்து உச்சரிப்புப் பயிற்சி முழுவதும் வெறும் போலிக்கௌரவம் என முடிவுகட்டுதல் பொருந்தாது. ஒலிவேறுபாடுகள் சில பொருள் வேறுபாட்டுக்கு இன்றியமையாதன. புகைப்படத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லில் அழுத்தம் முதலசையில் விழும். புகைப்படம் எடுப்பவரைக் குறிக்கும் சொல்லில் இரண்டாமசையிலும், அதன் பெயரடை வடிவில் மூன்றாமசையிலும் விழும். அழுத்தம் இடம் மாறும்போது அழுத்தமிழந்த உயிர் தன் உருவை இழந்து மங்கலான நடுவுயிராகக் குறுகும். தமிழிலோ ஒவ்வோர் உயிரும் தன் மாத்திரையைப் பெரும்பாலும் பேணிக்கொள்ளும். குற்றியலுகரம் அரைமாத்திரையாகக் குறுகுமெனினும், அக்குறுக்கம் அழுத்தத்தால் அன்றிச் சொல்லில் அது நிற்கும் இடத்தாலும் சார்ந்து வரும் எழுத்தாலும் தீர்மானிக்கப்படுவது. ஆகவே தமிழர் பேசும் ஆங்கிலத்தில் எல்லா அசைகளும் நிறைவாக ஒலிப்பது எதிர்பார்க்கத்தக்கதே. கெனத் பைக் 1945 இல் மொழிகளை அழுத்த நடையின, அசை நடையின எனப் பிரித்தார். 1980களில் நடைபெற்ற அளவீடுகள் அப்பிரிவு அவ்வளவு கூர்மையானதன்று எனக் காட்டின.

தொனியைப் பொறுத்தவரை வேறுபாடு இன்னும் ஆழமானது. 'அவன் வந்தான்' என்பதை 'அவனா வந்தான்', 'அவனே வந்தான்', 'அவனோ வந்தான்' என மாற்றும்போது வினா, தேற்றம், ஐயம் முதலியவற்றைத் தமிழ் இடைச்சொற்களால் உணர்த்துகின்றது. ஏகார ஓகாரங்களின் இத்தகைய பொருள்களைத் தொல்காப்பிய இடையியலே வகுத்துரைக்கின்றது. ஆங்கிலம் இப்பணிகளுட் பலவற்றைச் சொல்லின்மீது விழும் அழுத்தத்தாலும் குரலின் ஏற்ற இறக்கத்தாலும் நிறைவேற்றுகின்றது. எனவே தமிழ் மாணவனுக்குத் தொனியைக் கற்பித்தல், அவன் குரலைச் சீமான் குரலாக்குவதற்காக அன்று. தன் மொழியில் இடைச்சொல் செய்யும் பணியை ஆங்கிலத்தில் எது செய்கின்றது என உணர்த்துவதற்காகவே ஆதல் வேண்டும்.

அண்மைக்கால ஆய்வுகளும் இத்தகைய பகுப்பை நாடியுள்ளன. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதோர் தம்முள் அதனைப் பயன்படுத்தும் சூழல்களை ஆராய்ந்த ஜெனிபர் ஜென்கின்ஸ், 2000 இல் வெளியிட்ட நூலில், உயிரின் குறில் நெடில் வேறுபாடும் வாக்கியத்தின் முதன்மைச் சொல்லுக்கு அழுத்தம் கொடுத்தலும் விளக்கத்துக்கு இன்றியமையாதன என்றார். சொல்லழுத்த விதிகளும் நுண்ணிய தொனி வேறுபாடுகளும் அவ்வாறல்ல என்றார். சொல்லழுத்தம் பற்றிய அவரது கருத்து விவாதத்துக்குரியதே. ஆயினும் 'புரிகின்றதா' என்னும் அளவுகோல் 'உயர்ந்தோர் போல் ஒலிக்கின்றதா' என்னும் அளவுகோலின் இடத்தைப் பெற்றமை முக்கியமான மாற்றமாகும்.

5. இலங்கை அனுபவம்

இலங்கையில் ஆங்கிலம் ஆட்சியோடும் பதவியோடும் வந்து சேர்ந்தது. யாழ்ப்பாணத்தில் உயர்தர ஆங்கிலக் கல்வியைத் தொடக்கியோருள் 1823 இல் வட்டுக்கோட்டைச் செமினறியை நிறுவிய அமெரிக்க மிஷனரிமார் முக்கியமானவர். அவர்தம் ஆங்கிலம் இலண்டன் கனவான்களின் ஆங்கிலமன்று. ஆயினும் குடியேற்ற ஆட்சியின் செல்வாக்கால் பிரித்தானிய உயர்குடி உச்சரிப்பே காலப்போக்கில் அளவுகோலாயிற்று. எச்.ஏ. பசே இலங்கை ஆங்கிலம் பற்றிய தம் ஆய்வை 1948 இல் இலண்டன் பல்கலைக்கழகத்துக்குச் சமர்ப்பித்தபோது, இங்கு வழங்கும் ஆங்கிலம் தனித்து ஆராயத்தக்கது என்பது கல்வியுலகில் பதிவாயிற்று.

இந்நாட்டில் மிகுந்த ஏளனத்துக்குள்ளான ஒலிவேறுபாடு ஓர் உயிரைப் பற்றியது. வாயை விரித்து ஒலிக்கும் ஆங்கில ஒகரத்துக்குச் சிங்களத்திலும் தமிழிலும் நேரொலி இல்லை. ஆகவே மண்டபத்தைக் குறிக்கும் சொல்லும் துளையைக் குறிக்கும் சொல்லும் பலர் வாயில் 'ஹோல்' என ஒன்றாகிவிடும். இத்தகையோரின் பேச்சை 'நொட் பொட்' ஆங்கிலம் என நகர்ப்புற மேற்குடியினர் எள்ளினர். அதே ஒலியைத் தமிழ் எழுத்து எவ்வாறு ஏற்கின்றது என நோக்குதல் பயனுடையது. இலங்கையில் நாம் 'டொக்டர்', 'கொலிஜ்' என எழுத, தமிழ்நாட்டார் 'டாக்டர்', 'காலேஜ்' என எழுதுகின்றனர். ஒரே அயலொலியை ஒரு கரையினர் ஒகரமாகவும் மறுகரையினர் ஆகாரமாகவும் ஏற்றுள்ளனர். இதில் எவரும் பிழைசெய்யவில்லை. இரு வாயில்களுக்கு நடுவே நின்ற ஒலியை ஒவ்வொருவரும் ஒவ்வொரு வாயிலால் உள்ளே அழைத்துள்ளனர்.

இலவசக் கல்வியும் தாய்மொழிக் கல்வியும் கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகக் கதவைத் திறந்தன. ஆனால் தொழிலுக்கும் உயர்பதவிக்குமான வாயிலில் ஆங்கிலம் காவல் நின்றது. அதனைச் சிங்கள மாணவர் வாள் எனப் பொருள்படும் 'கடுவ' என்னும் சொல்லால் அழைத்தனர். திரு கந்தையா 1984 இல் எழுதிய கட்டுரையொன்றில் இப்பெயரையே கொண்டு ஆங்கிலத்தின் அதிகாரத்தை ஆராய்ந்தார். 2009 இல் அரசு முன்னெடுத்த ஆங்கிலக் கல்வித் திட்டம் 'நம் வழியில் ஆங்கிலம் பேசுவோம்' என்னும் நோக்கை முழக்கமாகக் கொண்டது. முழக்கம் வரவேற்கத்தக்கதே, ஆனால் நேர்முகத் தேர்வு நடத்துவோரின் செவி மாறாதவரை, பேசுவோரின் நாவுக்கு மட்டும் விடுதலை வழங்குதல் அரைகுறைத் தீர்வாகவே அமையும்.

முடிவுரை

ஆங்கில உச்சரிப்பின் வரலாறு இருவகைப்பட்ட உண்மைகளை உணர்த்துகின்றது. முதலாவது, அளவுகோல் எனப்பட்டது குறித்த காலத்தில் குறித்த வர்க்கத்தின் பேச்சே என்பது. இரண்டாவது, அவ்வளவுகோலைத் தாங்கிய ஒலியியல் விஞ்ஞானமே அதன் மாயையைக் கலைக்கும் கருவியையும் நமக்களித்தது என்பது. ஒலி எவ்வாறு பிறக்கின்றது, எது பொருளை வேறுபடுத்துகின்றது, எது பேசுவோரின் பிறப்பிடத்தை மட்டும் காட்டுகின்றது என அறிந்தவன், கற்க வேண்டியதைக் கற்பான். அஞ்ச வேண்டாததற்கு அஞ்சமாட்டான்.

எனவே நம் பல்கலைக்கழகங்களில் ஆங்கிலம் கற்பிப்போர் மாணவரின் தாய்மொழி ஒலியமைப்பைத் தெரிந்திருத்தல் அவசியமாகும். குறில் நெடில், அழுத்தம், முதன்மைச் சொல் ஆகியவற்றை விளக்கத்துக்குரிய கருவிகளாகக் கற்பித்தலும், ஏனைய வேறுபாடுகளைப் பிழையெனத் திருத்தாது விடுதலும் அவர்தம் கடமையாகும். சொல்லவேண்டிய கருத்து நெஞ்சிலிருந்தும் உயிரொலிக்கு அஞ்சி விரிவுரை மண்டபத்தின் பின்வரிசையில் மௌனமாயிருக்கும் மாணவரின் இழப்பு, அவரது இழப்பு மட்டுமன்று. அக்கருத்தைக் கேட்கத் தவறும் சமுதாயத்தின் இழப்புமாகும்.