கேட்டுக் கட்டிய ஊரும் கேளாது கட்டிய ஊரும்

நெகிரி செம்பிலானிலே சிரம்பான் நகரை ஒட்டியுள்ள லோபாக் வழியாகச் செல்வோர், வரிசை வரிசையாக நிற்கும் வீடுகளையும் அவற்றினூடே எழுந்த மாடிக் குடியிருப்புகளையும் காண்பர். லோபாக் என்னும் மலாய்ச் சொல்லுக்கு முள்ளங்கி என்பது பொருள். நாம் அங்கு ஒரு முள்ளங்கிப் பாத்தியையும் கண்டதில்லை. பயிர் போய்ப் பெயர் நிற்பது இந்நாட்டில் புதிதன்று; பெயரும் பயிரும் சேர்ந்தே போன இடங்களும் பல. இரப்பர் நின்ற நிலங்கள் எத்தனையோ இன்று 'தாமான்' என்னும் புதுப்பெயர் பூண்டு விளங்குகின்றன. அந்நிலத்திற் பால்மரம் சீவியவர்கள் எங்கே குடியேற்றப்பட்டனர், அவ்விடத்தை வகுத்தவர்கள் குடியேறப் போகிறவர்களைப் பற்றி என்ன அறிந்திருந்தனர் என்பதையே இங்கு ஆராயப் புகுந்தோம்.

இதனை ஆராய நமக்கு ஒரு காரணம் உண்டு. அதை மறைத்தல் நேர்மையாகாது. லோபாக்கிலிருந்து வெகு தொலைவில்லாத ஒரு தோட்டத்தில் நாம் கிராணியாக இருக்கிறோம். சென்ற ஆண்டு அத்தோட்டத்தின் ஒரு பகுதியைக் குடியிருப்பு நிலமாக்கி, லயத்து மக்களை மாடி வீடுகளுக்கு மாற்றும் யோசனை எழுந்தது. அவர்களைப் பற்றிய ஒரு படிவம் ஆபீசுக்கு வந்தது. குடும்பத் தலைவர் பெயர், அடையாள அட்டை எண், வயது, பிள்ளைகளின் தொகை, மாத வருமானம்: கேள்விகள் இவ்வளவே. 42 குடும்பங்களுக்கும் உரிய விடைகளை ஒரே பிற்பகலில், நாற்காலியை விட்டு எழாமலே, செக்ரோல் புத்தகத்தைப் பார்த்து எழுதி முடித்தோம். எண்களில் ஒரு பிழையும் இல்லை. ஒருவரையும் ஒரு வார்த்தை கேட்கவுமில்லை. வேலை விரைவில் முடிந்தது என்று அன்று மகிழ்ந்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

பழைய ஆங்கில அறிக்கைகளைப் புரட்டுவது நம் வழக்கம். அவ்வாறு புரட்டும்போது பாட்ரிக் கெடிஸ் என்பவரின் வரலாறு கைக்கு வந்தது. படிக்கப் படிக்க, அந்தப் பிற்பகல் நெஞ்சை உறுத்தலாயிற்று.

கெடிஸ் 1854இல் ஸ்காட்லாந்திற் பிறந்தவர். கல்வியால் தாவர நூல் வல்லவர். ஒரு செடியை அறிய வேண்டுமாயின் அது வேரூன்றிய மண்ணையும் அதன் அண்டை அயலையும் அறிதல் வேண்டும். இந்த அறிவையே அவர் ஊர்களின்பாலும் செலுத்தினார். எடின்பரோ நகரின் பழம்பகுதியில் ஏழைகள் நெருங்கி வாழ்ந்த இடத்திலே தம் மனைவி ஆன்னாவுடன் தாமே குடிபுகுந்து, அண்டை வீட்டாரைச் சேர்த்துக்கொண்டு, சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்தும் செடிகள் வைத்தும் சீர்திருத்தம் தொடங்கினார். மாளிகையிலிருந்து சேரிக்கு யோசனை சொன்னவர் அல்லர் என்பதற்காகவே இதனைக் குறிக்கின்றோம்.

1914இல் சென்னைக் கவர்னர் பென்ட்லண்டு பிரபுவின் அழைப்பை ஏற்று அவர் இந்தியாவுக்குப் புறப்பட்டார். அவர் பல்லாண்டு சேர்த்த நகரப் படங்களும் வரைபடங்களும் 'கிளான் கிராண்டு' என்னும் வேறொரு கப்பலிற் பின்னே வந்தன. அக்கப்பலை அவ்வாண்டு அக்டோபரில் ஜெர்மானிய எம்டன் கடலில் மூழ்கடித்துவிட்டது. எம்டனை நம்மவர் அறிவர். செப்டம்பர் 22ஆம் நாள் இரவு சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டெரித்ததும், அக்டோபர் 28ஆம் நாள் காலையிற் பினாங்குத் துறைமுகத்துள் நுழைந்து ருஷ்யப் போர்க்கப்பலை அமிழ்த்தியதும் அதுவே. பொல்லாத கெட்டிக்காரனை 'எம்டன்' என்று நாம் இன்றும் அழைப்பது அதனால் வந்தது. கெடிஸ் சோர்ந்தாரல்லர். நண்பர்கள் புதிதாகப் படங்கள் திரட்டி அனுப்ப, 1915 ஜனவரியில் சென்னையில் கண்காட்சி திறக்கப்பட்டது.

பின்னர் அவர் சென்னை மாகாணத்து ஊர்களைச் சுற்றி வந்தார். மதுரை, தஞ்சாவூர் முதலிய ஊர்களில் அவர் கையாண்ட முறை இது: முதலில் நடப்பது, அதன்பின் வரைவது. தெருத் தெருவாக, சந்து சந்தாக நடந்து, கிணறு எங்கே, மரம் எங்கே, எந்தத் திண்ணையில் யார் அமர்கிறார், எந்த வீடு பாழாய்க் கிடக்கிறது என்று குறித்துக்கொள்வார். அக்கால எஞ்சினியர்களோ, நெருக்கம் மிகுந்த பேட்டையைக் கண்டால் அளவுகோலை வைத்து நேராக ஒரு சாலை கிழிப்பார்கள். கோட்டின் கீழ் அகப்பட்ட வீடுகள் போகும். போனவர் அடுத்த சந்தில் நெருங்குவர். நெருக்கம் இடம் மாறுமேயன்றித் தீராது. பாழான வீட்டை அகற்றி, முடங்கிய சந்தைச் சிறிது விரித்து, காலியான மூலையில் ஒரு மரம் நட்டால், பெருந்தொகை செலவின்றியே காற்றும் வெளிச்சமும் வரும் என்று தஞ்சையில் அவர் வரைந்து காட்டினார். நோயை அறிந்த பின்னரே மருந்து என்பது அவர் கொள்கை. குறளில் 'மருந்து' அதிகாரம் கற்ற தமிழருக்கு இஃது அயற்சரக்கன்று. ஆயினும் நம் முனிசிபாலிட்டிகளுக்கு அதைச் சொல்ல ஒரு ஸ்காட்லாந்துக்காரர் வரவேண்டியிருந்தது.

1917இல் அவரை இந்தூர் சமஸ்தானம் அழைத்தது. பிளேக் நோய் பரவியிருந்த காலம் அது. படங்களைச் சுமந்து தெருவில் அலையும் இந்தக் கிழத் துரையைக் கண்டு, பிளேக்கைக் கொண்டுவருபவர் இவரே என மக்கள் அஞ்சினராம். அஞ்சுகிறவர்களிடம் எதைக் கேட்டறிவது? கெடிஸ் செய்த தந்திரம் இரசமானது. தீபாவளி ஊர்வலத்தைத் தம் பொறுப்பில் விடுமாறு மன்னரிடம் கேட்டுப் பெற்றார். ஊர்வலம் வழக்கமான வீதியிற் போகாது. எந்தத் தெரு மிகச் சுத்தமாக இருக்கிறதோ அந்தத் தெருவழியே போகும் என்று பறைசாற்றினார். ஊரெங்கும் குப்பை வண்டி வண்டியாக வெளியேறிற்று. எலிகள் ஆயிரக்கணக்கிற் பிடிபட்டன. ஊர்வலத்தில், மற்ற நகரங்களில் எவரும் தொட அஞ்சும் தோட்டித் தொழிலாளர், வெள்ளை உடுத்துப் புதுத் தலைப்பாகை அணிந்து, துடைப்பங்களுக்கு மாலை சூட்டி, மரியாதையுடன் நடந்தனர். இச்செய்தியை நாம் இருமுறை படித்தோம்.

ஊரை வகுத்தலென்பது இடத்தை வகுப்பதோடு முடியாது, அங்கு வாழும் மக்களை உணர்ந்து வகுத்தலே நிலைக்கும் என்று அவர் இந்தியாவில் மீண்டும் மீண்டும் எழுதினார். இந்தூர் பற்றிய அவரது அறிக்கை 1918இல் வெளியாயிற்று. அவரிடமும் குறை காணலாம். அவரை அனுப்பியவர் கவர்னர், அழைத்தவர் மன்னர், சந்தில் வாழ்ந்தவர் அழைக்கவில்லை. அதிகாரம் இரவலாக வந்தமையால், அவர் போனபின் அறிக்கைகள் பல அலமாரியில் உறங்கின.

அதே இந்தூரில், 60 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பின்னர், நம் பொருளுக்கு மிக நெருங்கிய ஒரு காரியம் நிகழ்ந்தது. அதனைச் சற்று விரித்தே சொல்ல விரும்புகிறோம்.

1980களின் தொடக்கத்தில் இந்தூர் அபிவிருத்திக் கழகம், நகருக்கு வெளியே 86 ஹெக்டார் நிலத்தில் அரண்யா என்னும் புதுக் குடியிருப்பை அமைக்க முற்பட்டது. பொறுப்பை ஏற்றவர் பாலகிருஷ்ண தோஷி என்னும் கட்டடக் கலைஞர். அவரது வாஸ்து சில்பா நிறுவனம், கனடா தேசத்து மக்கில் சர்வகலாசாலையாருடன் சேர்ந்து, முதலில் இந்தூரின் சேரிகளைப் பார்வையிட்டது. 'மற்றப் பாதியினர் எவ்வாறு கட்டுகிறார்கள்' என்னும் பொருளுடைய அவ்வாராய்ச்சி 1984இல் வெளியாயிற்று. சேரியைக் கண்டால் ஒழிக்கத்தக்க அழுக்கு என்பதே சர்க்கார்களின் வழக்கமான எண்ணம். இவர்களோ, ஏழை தன் கையாலேயே கட்டிக்கொண்ட இடத்தில் என்ன அறிவு ஒளிந்திருக்கிறது என்று அளந்து பார்த்தனர். வாசலுக்கு வெளியே நீட்டிய மேடை எவ்வளவு அகலம்? அதில் என்ன நடக்கிறது? எந்த வீட்டின் முன்னறை கடையாக இருக்கிறது? மரம் எங்கே நிற்கிறது, அதனடியில் யார் கூடுகிறார்? சைக்கிளும் தள்ளுவண்டியும் இரவில் எங்கே நிற்கும்? சந்தின் அகலம் எத்தனை முழம்?

விடைகள் திட்டக்காரரின் வழக்கத்துக்கு மாறாக இருந்தன. ஏழையின் வீடு சுவரோடு முடிவதில்லை. வாசல் மேடையிலே பாதிச் சமையலும், பிள்ளை வளர்ப்பும், பீடி சுற்றலும், தையலும், வம்பும் நடைபெற்றன. வீடு வேறு தொழிலிடம் வேறு என்று படத்திற் பிரித்துக் காட்டினால், அவர்கள் பிழைப்பையே பிரித்தெறிந்ததாகும். அகன்ற சாலை பெருமைக்கு உதவும். வெயிலில் அங்கு எவரும் அமரார். குறுகிய சந்துக்கு நிழல் உண்டு.

இவை அரண்யாவின் படத்திற் புகுந்தன. ஏறக்குறைய 6,500 மனைகள். அவற்றிற் பெரும்பாலானவை மிக வறியோர்க்கு. சிறிய மனை 35 சதுர மீட்டர். முடிந்த வீடு கொடுக்கவில்லை. கடைக்கால் மேடையும், கழிப்பிடமும், குழாயும், சிறு சமையலறையும் உள்ள கருவைக் கட்டிக் கொடுத்தார்கள். மீதியைக் குடும்பம் தன் கையிற் காசு சேரச் சேரக் கட்டிக்கொள்ளும். எவ்வாறு கட்டலாம் என்பதற்கு 80 மாதிரி வீடுகளைத் தோஷி எழுப்பிக் காட்டினார். இருபது வீட்டுக்கு ஒரு கழிவுநீர்த் தொட்டி வைத்துச் செலவைக் குறைத்தார். வாசலில் மேடை, வெளியே ஏறும் படி, முன்னறையில் கடை வைக்க இடம்: கேட்டும் கண்டும் அறிந்தவை யாவும் அங்கே உள்ளன. 1995இல் ஆகா கான் கட்டடக்கலைப் பரிசு இதற்குக் கிடைத்தது. 2018இல் பிரிட்ஸ்கர் பரிசு பெற்ற தோஷி 2023இல் காலமானார்.

பரிசு பெற்றதால் குறையற்றது என எண்ணலாகாது. மனைக்கு மதிப்பு ஏற ஏற, வறியவர் பலர் விற்றுப் போயினர். வசதியுள்ளவர் அவ்விடத்தில் மாடி எழுப்பினர். வாழும் முறையைக் கேட்டறிந்தவர்கள், கடன் தொல்லை வந்த நாளில் அம்மனையை எப்படிக் காப்பது என்பதையும் கேட்டிருக்கலாம். இலங்கையில் 1984இல் பிரேமதாசா தொடங்கிய பத்து இலட்சம் வீடுகள் திட்டம் ஒருபடி மேலே சென்றது. கொழும்பின் குடிசைப் பகுதிகளிலே குடியிருப்போரே கூடியிருந்து மனை எல்லைகளையும் கட்டட விதிகளையும் வகுத்துக்கொண்டனர்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1921இல் சார்லஸ் ரீட் என்பவர் மலாய்க் கூட்டு நாடுகளுக்கு நகர அமைப்பு அதிகாரியாக வந்தார். அவர் காலத்தில் நகரங்களுக்குப் படங்கள் வரையப்பட்டன. தோட்டத்து லயங்களோ துரைமார் கணக்கிலேயே இருந்தன. முதுகோடு முதுகு ஒட்டிய அறைகள்; ஓர் அறைக்கு இத்தனை தலை. 1990இல் இயற்றப்பட்ட தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டம் வீட்டின் அளவையும், நீர், மின்சாரம் முதலிய வசதிகளையும் விதித்தது. நன்மையான சட்டமே. எனினும் அளவை விதிப்பது வேறு, வாழ்வை விசாரிப்பது வேறு.

முதல் உலகப் போருக்குப் பின் ஆங்கிலப் போர்வீரர் திறந்தமையால் 'பிராங் பெசார்', அதாவது பெரும்போர், எனப் பெயர் பெற்ற தோட்டத்தை நம்மவர் பலர் அறிவர். அத்தோட்டமும் அதன் அண்டைத் தோட்டங்களும் இருந்த நிலத்தில் 1990களில் புத்ராஜெயா எழுந்தது. நாட்டின் நிர்வாகத் தலைநகருக்கு ஏரியும் பூங்காவும் பாலமும் வகுத்த கைகள் தேர்ந்த கைகள் என்பதில் ஐயமில்லை. அங்கிருந்த தோட்ட மக்கள் டிங்கிலில் உள்ள தாமான் பெர்மாத்தா மாடி வீடுகளுக்கு அனுப்பப்பட்டனர். சுவர்களில் விரிசல் கண்டது. தரை வீடு கோரும் அவர்கள் குரல் பல்லாண்டு ஒலித்தது. ஒரு தலைநகரையே அமைக்கத் தெரிந்தவர்களுக்குச் சில நூறு குடும்பங்களைக் கேட்டறிவது அரிய காரியமா?

பிறரைக் குறை கூறுமுன் நம் மேசைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. படிவம் போய்விட்டது, ஆனால் லயம் அங்கேயே இருந்தது. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் வீடு வீடாகச் சென்றோம். முதல் நாள் எவரும் வாய் திறக்கவில்லை. கிராணி கையில் நோட்டுப் புத்தகத்தைக் கண்டால் நம் மக்கள் சம்பளம் பிடிக்க வந்ததாகவே நினைப்பர். இந்தூரில் கெடிசைக் கண்டு அஞ்சியதற்குச் சற்றும் குறைவில்லை. இரண்டாம் ஞாயிறு, புத்தகத்தைப் பையில் வைத்துவிட்டு அஞ்சடியில் உட்கார்ந்து தேநீர் குடித்தோம். அதன் பிறகே பேச்சு வந்தது.

செக்ரோல் காட்டாத பலவற்றை அன்று அறிந்தோம். 42 வீடுகளில் 11 வீடுகளின் அஞ்சடியிலே ஏதோ ஒரு சிறு வருமானம் நடக்கிறது: பலகாரம், தையல், பூ கட்டுதல், முடி வெட்டுதல். 'மாத வருமானம்' என்ற கட்டத்தில் நாம் எழுதியது ஆண்பிள்ளையின் சம்பளம் மட்டுமே. ஒன்பது வீடுகளில் பெரிய பானைச் சமையல் வெளியே விறகடுப்பில். ஆறு வீடுகளில் ஆடு. கால் வழங்காத முதியவர் நால்வர். மாடி வீட்டின் மூன்றாம் தட்டில் இவையெல்லாம் எங்கே போகும்?

கடைசி வீட்டுப் பாட்டி, இத்தோட்டத்திலே பிறந்து இங்கேயே பால்மரம் சீவி ஓய்ந்தவர். அவரிடம், "பாட்டி, புது வீட்டில் உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டோம். அவர் சற்று யோசித்து, "கிராணி ஐயா, எங்கள் வீட்டுக்காரர் செத்தபோது இந்த வாசலில்தான் பந்தல் போட்டுக் கிடத்தினோம். நான் செத்தால் பெட்டியை எந்தப் படி வழியாக இறக்குவார்கள்? எந்த வாசலில் வைப்பார்கள்?" என்று கேட்டார். இக்கேள்விக்குரிய கட்டம் எந்தப் படிவத்தில் உள்ளது?

அறிந்தவற்றை மூன்று தாளில் ஆங்கிலத்திலும் மலாயிலும் எழுதி, 'இணைப்பு' என்று தலைப்பிட்டு மேலே அனுப்பினோம். படிவத்தில் இணைப்புக்கு இடமில்லை என்ற குறிப்புடன் அது திரும்பி வந்தது. இப்போது லயத்துப் பெண்கள் இருவரும் கோயில் கமிட்டியாரும் சேர்ந்து, தங்கள் கையொப்பத்துடன் மீண்டும் அனுப்ப இருக்கிறார்கள். பாட்டியின் கேள்வியை முதலில் வைப்பதா கடைசியில் வைப்பதா என்பதில் மட்டும் அவர்களுக்குள் இன்னும் வழக்கு தீரவில்லை.