வியன்னாவுக்குப் போன பாலாறு

யுனிடோன்னு ஒரு அமைப்பு இருக்கு. ஐக்கிய நாடுகள் தொழில் வளர்ச்சி அமைப்பு. 1966ல ஆரம்பிச்சது, தலைமையகம் வியன்னா. யுனிசெஃப் மாதிரி ஊருக்கெல்லாம் தெரிஞ்ச பேர் கிடையாது. ஆனா நம்ம திருப்பத்தூர் மாவட்டத்து வாணியம்பாடி, ஆம்பூர் சாக்கடைத் தண்ணியைப் பத்தி வியன்னாவுல கத்தை கத்தையா காகிதம் இருக்குன்னா அதுக்கு இவங்கதான் காரணம்.

இந்த மாதிரி அமைப்புகள்ல வெளித்தொடர்புன்னு ஒரு வேலை உண்டு. பணம் கொடுக்குற நாடுகளுக்கும் பத்திரிகைகளுக்கும் "உங்க காசுல இன்னின்ன காரியம் நடந்துச்சு"ன்னு புரியவைக்கிற வேலை. விளம்பரம்தானேன்னு தள்ளிட முடியாது, அமைப்போட உயிரே சில சமயம் அதுல தொங்கும். 1990கள்ல யுனிடோவுக்கு அப்படி ஒரு காலம். பனிப்போர் முடிஞ்சாச்சு, தொழில் வளர்ச்சியைத் தனியார் பார்த்துக்குவாங்க, இதுக்கு எதுக்கு ஒரு ஐ.நா. அமைப்புன்னு பணக்கார நாடுகள் கேட்க ஆரம்பிச்சாங்க. 1993ல கனடா விலகிடுச்சு. 1996 கடைசியில அமெரிக்காவும் கழண்டுகிச்சு. நாங்க இருக்கறதால உலகத்துக்கு என்ன பிரயோஜனம்னு காட்டியாக வேண்டிய அந்த நேரத்துலதான் பாலாற்றங்கரைக்கு வந்தாங்க.

சரி, பாலாறு எப்படி இந்த நிலைக்கு வந்துச்சு? கொஞ்சம் பின்னாடி போவோம்.

தோல் பதனிடறது இங்க பழைய தொழில். அந்தக் காலத்துல ஆவாரம்பட்டை, அப்புறம் கடுக்காய். ஜவ்வாது மலையில மலையாளி மக்கள் புளி, தேனோட கடுக்காயும் பொறுக்கிக் கீழே கொண்டுவந்து விக்கிறவங்க. மலைக்கும் தோல் ஷாப்புக்கும் அப்படி ஒரு உறவு. பட்டையில பதனிட்டதை ஈஸ்ட் இந்தியா தோல்னு சீமைக்கு ஏத்துமதி பண்ணாங்க. நாத்தம் அப்பவும் உண்டு, இல்லேன்னு சொல்லல. 1972ல சீதாராமையா கமிட்டி, அரைகுறையா பதனிட்ட தோலை அனுப்பி வெளிநாட்டுக்காரனை சம்பாதிக்க விடுறதைக் குறைச்சு, முழுசா முடிச்ச தோலா அனுப்பணும்னு சொல்லுச்சு. பொருளாதாரக் கணக்குல சரியான யோசனைதான். ஆனா அதோட குரோம், சாயம், இன்னும் பல ரசாயனம்னு எல்லா அழுக்கு வேலையும் நம்ம பக்கம் நகர்ந்துச்சு. ஒரு டன் பச்சைத் தோலை உள்ளே விட்டா கால் டன் சுமார்தான் லெதரா வெளியே வரும். மிச்சம் குப்பையா, சேறா, தண்ணியா போகும்.

1989 கடைசியில ஜெர்மனி பிசிபிங்கிற பூஞ்சணக்கொல்லி மருந்தைத் தடை பண்ணுச்சு. அது கலந்த தோலை இனி அங்க விக்க முடியாது. அதுக்கு மாத்து மருந்து உடனே தேடினோம். வாங்குறவன் உடம்புக்கு ஆகாதுன்னா சீக்கிரம் நடக்குது, கிணத்துத் தண்ணி கெட்டுப்போன விவசாயிக்குத்தான் கோர்ட் வேணும்!

அந்தக் கோர்ட்டுக்கும் போனாங்க. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991ல சுப்ரீம் கோர்ட்டுல போட்ட வழக்கு. 1996 ஆகஸ்ட் 28ல நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பு சொல்லுச்சு. கெடுத்தவன் காசு கொடுக்கணும்கிற கொள்கை இந்தியச் சட்டத்துல அழுத்தமா உட்கார்ந்தது இந்தத் தீர்ப்புலதான். ஒவ்வொரு தோல் ஷாப்புக்கும் 10,000 ரூபாய் அபராதம். தோல் பதனிடற பகுதியில சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியோ முழுசோ பாழாகிடுச்சுன்ற ஆய்வுக் கணக்கும் தீர்ப்புலயே இருக்கு.

இந்தச் சூழ்நிலையிலதான் யுனிடோ சென்னையில ஆபீஸ் வச்சு, தெற்காசிய, தென்கிழக்காசிய நாடுகளுக்கான தோல் மாசுக் கட்டுப்பாட்டுத் திட்டத்தை நடத்துச்சு. உருப்படியா நிறைய செஞ்சாங்க. குரோமைத் திரும்ப எடுக்கிற முறை, தோல் மேல ஒட்டின உப்பை முதல்லயே உதறி எடுக்கிற மரச் சட்டம், விஷவாயு பத்திப் பயிற்சி. வானிடெக், ஆம்பூர்டெக் மாதிரி பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் தோல் ஷாப்புகள் சேர்ந்து நடத்துற கம்பெனிகளா நின்னுச்சு.

இப்போ நம்ம வெளித்தொடர்பு ஆசாமிக்கு வருவோம். அவர் கையில என்ன எண் இருக்கும்? எத்தனை ஷாப்பு குழாயில சேர்ந்துச்சு, பிஓடி எவ்வளவு குறைஞ்சுது, சிஓடி எவ்வளவு குறைஞ்சுது. பிஓடிங்கிறது தண்ணியில அழுகுற சமாச்சாரம் எவ்வளவுன்னு காட்டுற அளவு. கிருமிகளை விட்டுத் தின்ன வச்சா நல்லாவே குறையும். அறிக்கையில அம்புக்குறி கீழே இறங்கும், பொய்யே கிடையாது.

ஆனா உப்பை எந்தக் கிருமி தின்னும்? தோல் அழுகாம இருக்க எடையில 30லருந்து 50 சதவீதம் வரைக்கும் உப்புப் போடறாங்க. அது அப்படியே சுத்திகரிப்பு நிலையத்துக்குள்ள புகுந்து அந்தப் பக்கம் வெளியே வந்துடும். கரைஞ்ச உப்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல இருக்கக்கூடாதுன்னு விதி. பாலாறோ வருஷத்துல பெரும்பாலும் வெறும் மணல். உப்புத் தண்ணி நேரா கீழே இறங்கி கிணத்துக்கும் போருக்கும் போயிடும். அறிக்கையும் நிஜம், "தண்ணியை வாயில வைக்க முடியல"ங்கிற ஊர்க்காரங்க பேச்சும் நிஜம். ரெண்டு பேரும் வேற வேற எண்ணைப் பேசிட்டிருந்தாங்க, அவ்வளவுதான். யுனிடோவோட தொழில்நுட்ப ஆட்கள் உப்புதான் பெரிய தலைவலின்னு எழுதியே வச்சிருக்காங்க. அதெல்லாம் தடிமனான அறிக்கைகளுக்குள்ள கிடக்கும். பளபளப்பான நாலு பக்கப் பிரசுரத்துல உப்புக்கு எங்க இடம் :-)

என் பார்வையில இதுல யாரையும் மோசடிக்காரன்னு சொல்ல முடியாது. இருக்கவா வேணாமான்னு ஊசலாடுற அமைப்பு, தான் ஜெயிச்ச எண்ணைத்தான் முன்னாடி வைக்கும். ஆனா அந்த எண்ணைக் கேட்க வியன்னாவுல ஆள் இருந்தாங்க, உப்பைக் கேட்க ஆள் இல்ல. அதுதான் வயித்தெரிச்சல்.

நஷ்டஈட்டுக் கணக்கைப் பாருங்க. தீர்ப்புப்படி அமைச்ச ஆணையம் 2001 மார்ச்சுல வேலூர் மாவட்டத்துக்கு (அப்ப திருப்பத்தூர் தனி மாவட்டம் ஆகல, 2019 நவம்பர்லதான் பிரிஞ்சுது) 29,193 பேருக்கு 26.82 கோடி ரூபாய்னு தீர்மானிச்சுது. வகுத்துப் பாருங்க, சராசரியா ஆளுக்கு 9,200 ரூபாய் கூட வரல. ஒரு போர் போடக் காணாது.

2015 ஜனவரி 31ல ராணிப்பேட்டை சிட்கோவுல சுத்திகரிப்பு நிலையத்துச் சேறு தேக்கி வச்ச தொட்டி உடைஞ்சு 10 தொழிலாளிகள் செத்தாங்க. 2025 ஜனவரி 30ல சுப்ரீம் கோர்ட் திரும்பவும் தீர்ப்பு சொல்லி, பாக்கி நஷ்டஈட்டை அரசு கொடுத்துட்டு மாசு பண்ணவங்ககிட்ட வசூல் பண்ணணும், ஓய்வு பெற்ற ஹைகோர்ட் நீதிபதி தலைமையில குழு போடணும்னு உத்தரவிட்டுச்சு. வழக்குப் போட்டு 34 வருஷம்.

நடுவுல உப்புக்கும் ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. சவ்வு வழியா வடிகட்டி, மிச்சத்தைக் காய்ச்சி, சொட்டுத் தண்ணி வெளியே விடாத முறை. தண்ணி திரும்பவும் தோலுக்கே போயிடுது. கடைசியில நிக்கிற கலப்பு உப்பைச் சமையலுக்கும் எடுக்க முடியாது, திரும்பத் தோலுக்கும் போட முடியாது. வாங்குறதுக்கு ஆள் இல்லாம மூட்டை மூட்டையா அங்கேயே குவிஞ்சு கிடக்கு.