ரம்பை: கைமாறி வாழும் கறியிலை

கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் என்று எங்கள் கரையோர ஊர்களின் குசினிகளில் கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் எப்போதும் இருக்கும் இலை ரம்பை. அயலிலுள்ள பாண்டிருப்பிலும் காரைதீவிலும் அப்படித்தான். சிங்களத்தில் ‘ரம்பே’ என்றும் மலேசியா, இந்தோனேசியாவில் ‘பாண்டான்’ என்றும் சொல்வார்கள். தாவரவியல் பெயர் பண்டானஸ் அமரில்லிஃபோலியஸ். கடற்கரைத் தாழையும் இதே பேரினம்தான். தாழையில் மணப்பது பூ; ரம்பையில் மணப்பது இலை.

மணம் எங்கிருந்து வருகிறது?

2-அசிற்றைல்-1-பைரோலின் என்ற சேர்மம்தான் காரணம். பாசுமதி அரிசிக்கு மணம் கொடுப்பதும் அதுவே. அதனால்தான் சாதாரண அரிசியில் சமைத்த நெய்ச்சோறும் ரம்பை போட்டால் வாசமாக இருக்கிறது. பறித்தவுடன் இலை அவ்வளவாக மணக்காது. கசக்க வேண்டும், வாட வேண்டும் அல்லது சூடுபட வேண்டும். நன்றாகக் காய்ந்துவிட்டால் மணம் போய்விடும்.

சமையலில்

இரண்டு அங்குலத் துண்டுகளாக வெட்டி, வெங்காயம், கறிவேப்பிலையோடு எண்ணெயில் தாளிப்பது பொதுவான முறை. பருப்பு, பால்கறி, இறைச்சிக்கறி எல்லாவற்றுக்கும் பொருந்தும். புரியாணிக்கும் நோன்புக் கஞ்சிக்கும் நீள இலையை முடிச்சுப் போட்டு இறக்கினால், பிறகு எடுத்துவிடச் சுலபம். கறித்தூளுக்குச் சரக்கு வறுக்கும்போது சில துண்டுகளைச் சேர்ப்பவர்களும் உண்டு. வெளிநாட்டில் இருப்பவர்கள் சீன, தாய்லாந்துக் கடைகளில் ‘பாண்டான்’ என்று கேட்டால் உறையவைத்த இலை கிடைக்கும்.

மருந்தாக

நீரிழிவுக்கு ரம்பை அவித்த தண்ணீர் குடிக்கும் வழக்கம் எங்கள் பகுதியில் இருக்கிறது. மாச்சத்தைச் சீனியாக உடைக்கும் நொதியத்தை ரம்பைச் சாறு ஓரளவு தடுப்பது ஆய்வுகூடச் சோதனைகளில் தெரிந்திருக்கிறது. ஆனால் ஆய்வுகூடத்தில் கண்டது நோயாளிக்கான மருந்தாகிவிடாது. கிளினிக்கில் தந்த குளிசையை நிறுத்திவிட்டு ரம்பைத் தண்ணீரை மட்டும் நம்பியிருப்பவர்களை நான் சந்தித்திருக்கிறேன். இது ஆபத்தானது. கட்டுப்பாட்டில் இல்லாத சீனி கண்ணையும் சிறுநீரகத்தையும் காலையும் பாதிக்கும். குளிசையைத் தொடர்ந்துகொண்டே, குடிப்பதை வைத்தியரிடமும் சொல்லுங்கள்.

கன்றும் இடப்பெயர்வும்

ரம்பை பூப்பது மிக அரிது, விதை கிடைப்பதில்லை. ஆகவே ஒவ்வொரு வளவிலும் நிற்கும் ரம்பை, யாரோ ஒருவர் பிடுங்கிக் கொடுத்த கன்றின் வழிவந்தது. விதை நெல்லைப் போல இதைப் பொட்டலம் கட்டி வைத்திருக்க முடியாது. வீட்டை விட்டு ஓடும்போது செடியும் அங்கேயே நின்றுவிடும்.

1990 வன்செயல்களில் அம்பாறைக் கரையோரத்தில் தமிழரும் முஸ்லிம்களும் தங்கள் வளவுகளை விட்டு ஓடினார்கள். 2004 டிசெம்பர் 26 சுனாமியில் இலங்கையிலேயே அதிக உயிர்கள் போனது இந்த மாவட்டத்தில்தான். கிணறுகளிலும் வீட்டுத் தோட்டங்களிலும் உப்புநீர் புகுந்தது.

மீளக் குடியேறியவர்களிடம் முதலில் என்ன நட்டீர்கள் என்று நான் கேட்பதுண்டு. முருங்கை, கறிவேப்பிலை, ரம்பை என்பார்கள். ரம்பைக் கன்று எங்கே கிடைத்தது என்று கேட்டால்தான் கதை வரும். தமிழ் வீட்டுக் கிணற்றடியிலிருந்து முஸ்லிம் வீட்டுக்கு வந்ததும் உண்டு, முஸ்லிம் வீட்டிலிருந்து தமிழ் வீட்டுக்குப் போனதும் உண்டு. பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்த காலத்திலும் கன்று கேட்டு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பவில்லை என்று ஒரு மூத்தம்மா சொன்னார்.

நடுவது எப்படி?

அடியில் வேர் விட்ட பக்கக் கன்றைத் தாயிலிருந்து பிரித்தெடுங்கள். அரைநிழலும் ஈரமும் உள்ள இடம் நல்லது. கிணற்றடி மிகப் பொருத்தம். வீடு சொந்தமில்லாதவர்கள் சாடியில் வைக்கலாம், மாறிப் போகும்போது தூக்கிக்கொண்டு போகலாம். செடி நன்றாகப் பிடித்த பிறகு அடி இலைகளை மட்டும் பறியுங்கள், குருத்தைத் தொடாதீர்கள். புதர் பெருத்தால் கன்றுகளைப் பிரித்து அயல் வீட்டுக்கும் கொடுங்கள். உங்கள் செடி பட்டுப்போனால் திரும்பக் கேட்க ஓர் இடம் இருக்கும்.