கால் கட்டைவிரல் சொன்ன சாட்சி

பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில படுத்திருக்கறவங்க பக்கத்துல நின்னிருந்தா நீங்க இதைப் பார்த்திருப்பீங்க. டாக்டர் வருவார். உள்ளங்கால்ல, குதிகால்ல ஆரம்பிச்சு வெளி ஓரமா விரல் பக்கம் வரைக்கும், சாவியாலயோ சுத்தியலோட கைப்பிடியாலயோ ஒரு கோடு இழுப்பார். கால் கட்டைவிரலையே உத்துப் பார்ப்பார். கேஸ் ஷீட்ல சின்னதா ஒரு அம்புக்குறி போடுவார், மேல் நோக்கியோ கீழ் நோக்கியோ. அவ்ளோதான். சொந்தக்காரங்களுக்கு எரிச்சலாக்கூட இருக்கும். மனுஷன் கை கால் இழுத்துக்கிட்டுக் கிடக்கறார், இவர் என்ன கிச்சுகிச்சு மூட்டறார்னு.

அந்த அம்புக்குறிக்குப் பின்னாடி ஒரு பழைய சண்டை இருக்கு. நோயாளி சொல்றதை நம்பறதா வேண்டாமாங்கற சண்டை. அது நடந்த இடம் பாரிஸ்.

அங்க சால்பெட்ரியேர்னு ஒரு பெரிய ஆஸ்பத்திரி. வெடியுப்புலேர்ந்து வந்த பேர். முதல்ல அங்க வெடிமருந்துதான் தயாரிச்சாங்க. 17-ம் நூற்றாண்டுல அதையே ஏழைப் பெண்கள், பிச்சை எடுத்தவங்க, மனநோய் உள்ளவங்கன்னு ஊருக்கு வேண்டாதவங்களை அடைச்சு வைக்கற இடமா மாத்தினாங்க. 1862-ல ழான் மார்டான் ஷார்கோ அங்க மருத்துவரா பொறுப்பேத்தப்பவும் ஆயிரக்கணக்கான பெண்கள் உள்ளே இருந்தாங்க. மத்தவங்களுக்கு அது கிடங்கு. ஷார்கோவுக்குப் புதையல். ஒரே நோயாளியை வருஷக்கணக்கா கவனிக்கலாம். இறந்த பிறகு மூளையையும் தண்டுவடத்தையும் அறுத்துப் பார்க்கலாம். உயிரோட இருந்தப்போ வந்த நடுக்கத்தையும், இப்போ உள்ளே தெரியற தழும்பையும் சேர்த்து முடிச்சுப் போடலாம். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், ஏ.எல்.எஸ். மாதிரி நோய்களுக்குத் தனி அடையாளம் கிடைச்சது இப்படித்தான்.

ஒரு நோய் மட்டும் இதுக்குள்ள அடங்கல. ஹிஸ்டீரியா. கால் நகராது, பேச்சு நின்னுடும், வலிப்பு வரும். ஆனா மூளையை அறுத்துப் பார்த்தா எதுவும் இருக்காது. ஷார்கோ இதையும் நிஜ நோய்னுதான் சொன்னார். அவரோட வகுப்புகள்ல நோயாளிகளை ஹிப்னாடிஸ் பண்ணிக் காட்டினாங்க. பாரிஸே பார்க்க வந்தது. 1885-ல ஃப்ராய்டும் வந்து பார்த்தார். 1887-ல ஆந்த்ரே புருயே வரைஞ்ச ஒரு பிரபலமான ஓவியத்துல அந்த வகுப்பைப் பார்க்கலாம். ஷார்கோ பேசறார், பிளாஞ்ச் விட்மன்ங்கற நோயாளி மயங்கிச் சாயறார், பின்னாடி நின்னு தாங்கிப் பிடிக்கறார் தாடி வெச்ச ஒரு இளம் டாக்டர். அவர்தான் நம்ம கதாநாயகன், ஜோசப் பாபின்ஸ்கி.

போலந்துலேர்ந்து அகதியா வந்த குடும்பம். நல்ல உயரம், ரொம்பக் கம்மியான பேச்சு. கல்யாணம் பண்ணிக்கல, அண்ணன் ஆன்றியோடவே கடைசி வரைக்கும் இருந்தார். அந்த அண்ணன் எழுதின சமையல் புத்தகம் பிரான்ஸ்ல இன்னிக்கும் பேர் பெற்றது. தம்பி காலைக் கீறினார், அண்ணன் சாஸ் கிண்டினார். சரி, விஷயத்துக்கு வருவோம்.

1892-ல பேராசிரியர் பதவிக்கான போட்டித் தேர்வுல பாபின்ஸ்கி தோத்துப் போனார். அடுத்த வருஷம் ஷார்கோ இறந்தார். பெரிய பதவி எதுவும் இல்லாம, பக்கத்துல இருந்த பிட்டியே ஆஸ்பத்திரி வார்டுல சுத்தியலும் ஊசியுமா நோயாளிகளைச் சோதிச்சுக்கிட்டு இருந்தார். 1896 பிப்ரவரி 22, ஒரு சங்கக் கூட்டத்துல சின்னக் குறிப்பு ஒண்ணு வாசிச்சார். அச்சுல வெறும் 28 வரி. சாதாரணமா உள்ளங்காலைக் கீறினா விரல்கள் கீழ் பக்கம் மடங்கும். மூளையிலோ தண்டுவடத்திலோ சேதம் ஏற்பட்டுக் கால் விழுந்துபோனவங்களுக்கு, விரல்கள் மேல போகுது. இவருக்கு முன்னாடியே சிலர் இந்த அசைவைப் பார்த்திருக்காங்க. அதுக்கு என்ன அர்த்தம்னு பிடிச்சது இவர்தான்.

காரணம் இதான். மூளையோட மேற்பரப்புலேர்ந்து தண்டுவடத்துக்கு ஒரு நரம்புப் பாதை இறங்குது. நாம நினைச்சு நினைச்சுச் செய்யற அசைவுகளுக்கான கட்டளை அது வழியாத்தான் போகும். அந்தப் பாதை அறுந்தா, அது அடக்கி வெச்சிருந்த பழைய அனிச்சை அசைவு வெளியே வந்துடும். கைக்குழந்தைக்கு அந்தப் பாதை இன்னும் முழுசா வளர்ந்திருக்காது. அதனால ஒரு வயசு, சிலருக்கு ரெண்டு வயசு வரைக்கும் கூட விரல் மேலதான் போகும். வீட்ல குழந்தை இருந்தா பாருங்க, பயந்துடாதீங்க.

முக்கியமான விஷயம், இதை யாராலும் எளிதா நடிச்சுக் காட்ட முடியாது. ரெண்டு வருஷம் கழிச்சு, 1898-ல, ஹிஸ்டீரியாவுல இந்த அசைவு வராதுன்னும் பாபின்ஸ்கி எடுத்துச் சொன்னார். ஸ்கேன் இல்லாத காலம். 'இவளுக்கு ஒண்ணும் இல்ல, நரம்புத் தளர்ச்சி'ன்னு சொல்லி அனுப்பப்பட்ட ஒருத்திக்குத் தண்டுவடத்துல கட்டி இருந்தா? அவளுக்காகச் சாட்சி சொல்ல இப்போ ஒரு கட்டைவிரல் இருந்தது.

சரி, விரல் கீழ போனவங்க கதி? எனக்கு நெருடற இடம் இதுதான். 1901-லேர்ந்து பாபின்ஸ்கி ஹிஸ்டீரியாவுக்குப் புது விளக்கம் கொடுத்தார்: யாரோ சொல்லி மனசுல ஏத்தினதால வந்தது, எடுத்துச் சொன்னா போயிடும். 'எடுத்துச் சொல்லியும் போகலையா, அப்போ நீதான் ஒத்துழைக்கல'ன்னு அடுத்த படிக்குப் போக ரொம்ப நேரம் ஆகல. முதல் உலகப் போர் வந்தது. குண்டு படாமலே முதுகு கூனிப்போன, கை கால் செயலிழந்த சிப்பாய்கள் வந்து குவிஞ்சாங்க. பாபின்ஸ்கியோட மாணவர் க்ளோவிஸ் வான்சான், தூர் நகரத்துல அவங்களுக்குக் கடுமையான மின்சார ஷாக் கொடுத்துப் 'படைக்குத் திருப்பி அனுப்பற' சிகிச்சை நடத்தினார். 1916-ல பாப்டிஸ்ட் தெஷாம்ன்னு ஒரு சிப்பாய் வேண்டாம்னு மறுத்து, டாக்டரை அடிச்சுட்டார். ராணுவ நீதிமன்றம் ஆறு மாசத் தண்டனை கொடுத்து, அதையும் நிறுத்தி வெச்சது. பத்திரிகைகள் பெரிய விவாதமே நடத்தின.

ஓவியத்துல மயங்கி விழுந்த பிளாஞ்ச், ஷார்கோ காலத்துக்குப் பிறகு அதே ஆஸ்பத்திரியோட எக்ஸ்ரே பிரிவுல வேலை பார்த்தார். அந்த வலிப்பெல்லாம் நடிப்பா என்று பின்னாளில் ஒரு டாக்டர் கேட்டப்போ, இல்லைன்னு அவர் மறுத்ததா பதிவு இருக்கு.

இன்னிக்கு இதுக்குப் பேர் எஃப்.என்.டி., செயல்பாட்டு நரம்பியல் கோளாறு. 'எதுவும் கிடைக்கல, அதனால மனசுதான்'னு இப்போ முடிவு பண்றதில்ல. இதுக்கும் சோதனை உண்டு. 1908-ல ஹூவர்ங்கற அமெரிக்க டாக்டர் விவரிச்சது. படுக்க வெச்சு, பலவீனமான காலைக் கீழே அழுத்தச் சொன்னா வராது. நல்ல காலைத் தூக்கச் சொன்னா, அந்தப் பலவீனமான காலோட குதிகால் தானாவே மெத்தையை அழுத்தும். முன்னெல்லாம் இதைப் பார்த்துட்டு 'பிடிபட்டியா'ன்னு நினைச்ச டாக்டர்கள் உண்டு. இப்போ பல நரம்பியல் டாக்டர்கள் அதை நோயாளிக்கே காட்டறாங்க: பாருங்க, உங்க காலுக்குப் போற பாதை அறுபடல, அதைப் பயன்படுத்தற விதத்துலதான் சிக்கல், வாங்க பயிற்சி ஆரம்பிக்கலாம்.