திருவரங்கத்து இசைமரபும் கற்கும் உரிமையும்

உறையூரிற் பாணர் குடியில் வளர்ந்த திருப்பாணாழ்வார், அரங்கத்துட் புகாது காவிரிக்கரையில் நின்றே பாடினார் என்பது வைணவ மரபு. பின்னர் அவர்தம் பத்துப் பாசுரங்களும் நாலாயிரத்துள் இடம்பெற்று அக்கோயிலிலேயே ஓதப்பெறலாயின. ஆயின், வைகுண்ட ஏகாதசி விழாவில் பகற்பத்து, இராப்பத்து நாள்களில் பாசுரங்களை இசையோடும் அபிநயத்தோடும் நிகழ்த்தும் அரையர் சேவை, வழிவழி உரிமையுடைய குடும்பத்து ஆடவர்க்கே பயிற்றப்படுகின்றது. அக்குடும்பங்களே அக்கலையைக் காத்தன என்பதை யாம் மறுக்கின்றிலம். எனினும், காண்பார் பலராகவும் கற்பார் சிலராகவும் நின்ற நிலையே அதன் விளைவு.

1977-ஆம் ஆண்டு திருச்சிராப்பள்ளியில் கத்தோலிக்கக் குருமார் முயற்சியால் தோன்றிய கலைக்காவிரி, இசையும் பரதமும் கற்பிக்கும் கல்லூரியாக வளர்ந்தது. ஆங்குப் பயிலுதற்குக் குடிவழி வேண்டப்படுவதில்லை. ஒருவர் பாட்டை ஏற்றல் வேறு. அவர் வழியினர்க்குக் கலையைக் கற்பித்தல் வேறு. பின்னதே கலை பொதுவாயிற்று என்பதற்குச் சான்றாம் என்பது எம் துணிபு.